காலி செய்கிற நாளில் எண்ணிக் கொடுக்க வேண்டிய பணம்

2013-ஆம் ஆண்டு, ஆனி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் நம்பர் வீடு காலியாகிக்கொண்டிருந்தது. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள். அதனால் ஆனிக் கடைசியில் திருப்பூரில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு குட்டியானை பின்கதவைத் திறந்துபோட்டு நிற்கும். அன்று எங்கள் வாசலிலும் நின்றது. கட்டில், பீரோ, கிரைண்டர், குடங்கள், துளசித் தொட்டி வரை ஏறிவிட்டன. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அந்த வீட்டுப் பெண் மட்டும் வண்டியில் ஏறாமல், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

“அடுத்த ஆள் வந்ததும் அட்வான்ஸைத் தந்துவிடுகிறேன். ஆவணியில் எப்படியும் யாராவது வந்துவிடுவார்கள்” என்றேன்.

“அக்கா, போகிற வீட்டில் இந்தப் பணத்தைக் கொடுத்தால்தான் சாவி தருவார்கள். சாமானை எங்கே கொண்டுபோய் இறக்குவேன்?” என்றாள்.

இருபதாயிரம் ரூபாய். நான் அதை மாடிப் போர்ஷனுக்கு டைல்ஸ் ஒட்டச் செலவழித்துவிட்டிருந்தேன். கொழுந்தனார் வீட்டுக்கு ஓடி, அவர் இன்னொருவரிடம் கைமாற்று வாங்கி, பணம் என் கைக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவளுடைய இரண்டு பிள்ளைகள் வண்டிக்குள் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பணத்தை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, “வருகிறேன் அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஆறு வருடம் எங்கள் வீட்டில் இருந்தவள். ஒரு நாள்கூட வாடகை தவறாதவள்.

வீட்டை வாடகைக்கு விடுவதைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்திலிருந்து தொடங்குகிறது. புதிதாக வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், பெயிண்டைப் பற்றியோ வாடகைத் தொகையைப் பற்றியோ நான் முதலில் பேசுவதில்லை. அட்வான்ஸ் பணத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்களுடையது எட்டு லைன் வீடு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரே வரிசையில், ஒரே கூரையின் கீழ், ஒவ்வொன்றும் ஓர் அறையும் ஒரு சமையலறையுமாக நிற்கும் வீடுகள். முன்னால் நீளமான வாசல், கோடியில் குளியலறைகளும் கழிப்பறைகளும், நடுவில் தொட்டி. பனியன் கம்பெனிகள் பெருகப் பெருக, வேலைக்கு வந்த மக்களுக்காகத் திருப்பூரைச் சுற்றி இருந்த சோளக்காடுகளில் முளைத்தவை இவை. முதலில் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்துக் குடும்பங்கள் வந்தார்கள். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகளும் வருகிறார்கள். எங்கள் வரிசையை என் மாமியார் கட்டினார். கறவை மாடு வைத்துப் பால் ஊற்றிச் சேர்த்த பணம். அவரை நான் அத்தை என்றே கூப்பிடுவேன்.

அத்தைக்கு இந்த விஷயத்தில் பிசகு கிடையாது. 2011 ஜனவரி 28-ஆம் தேதி திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நொய்யலில் சாயக்கழிவு போன கதையை இந்த ஊரில் எல்லோரும் அறிவார்கள். அந்த உத்தரவு வந்தது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் வேலை நின்றதும் குடும்பம் குடும்பமாக ஊர் திரும்பினார்கள். எங்கள் எட்டு வீட்டில் ஐந்து வீடு அடுத்தடுத்துக் காலி. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது அன்றைய வழக்கம். வீட்டுக்கு இருபதாயிரம் வீதம் ஐந்து வீட்டுக்கு ஒரு லட்சம். தெரு முழுவதும் ‘வாடகைக்கு’ அட்டை தொங்கிய அந்த நேரத்தில் அடுத்த ஆள் எங்கிருந்து வருவார்? அத்தை தன் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து ஐந்து பேருக்கும் கணக்கு முடித்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, “அம்மணி, அது அவர்கள் பணம். நம் பெட்டியில் கிடந்தது, அவ்வளவுதான்” என்றார். அதைக் கண்ணால் பார்த்திருந்தும், அவர் போய்ப் பொறுப்பு என் கைக்கு வந்த முதல் வருடமே நான் அந்தப் பணத்தில் டைல்ஸ் ஒட்டினேன்.

இப்போது அட்வான்ஸுக்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கிறேன். வாடகைப் பணம் அதில் விழாது. வீட்டுச் செலவு அதிலிருந்து போகாது. ஏடிஎம் கார்டுகூட வாங்கவில்லை. மாத வாடகை 4,500. அட்வான்ஸ் மூன்று மாதம், 13,500. எட்டு வீட்டுக்கும் சேர்த்து 1,08,000 ரூபாய் அந்தக் கணக்கில் எப்போதும் இருக்க வேண்டும். வட்டி மட்டும் எனக்கு. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் இதையொட்டியே பேசுகிறது: தனியாக வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது; காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். ஒரு மாதம் என்பது சட்டம் கொடுக்கிற அவகாசம். சாமான் ஏற்றிய வண்டிக்கு அந்த அவகாசம் இல்லை. அதனால் சாவியை வாங்குகிற கையோடு பணத்தைக் கொடுக்கிறேன்.

பத்து மாதத்தை மூன்றாகக் குறைத்தால் ஆட்கள் ஏமாற்றிவிட்டுப் போவார்களே என்று பலர் கேட்டார்கள். அட்வான்ஸ் பெரிதாக இருந்த காலத்திலும் பாக்கி வைத்தவர்கள் வைத்தார்கள். வாடகை நின்றுபோவதற்குப் பெரும்பாலும் நாம் வைக்கிற தேதியே காரணம் என்பது என் அனுபவம். இந்த ஊரில் சம்பளம் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். மாதம் ஐந்தாம் தேதி வாடகை என்று வைத்தால், அது செவ்வாயோ புதனோ ஆகி, அதற்குள் மளிகைக்கும் சீட்டுக்கும் போய்விடுகிறது. நான் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை என்று மாற்றினேன். சனி ராத்திரி வாங்கிய பணம் வீட்டில் இருக்கும். அந்த ஒரு மாற்றத்தில் பாதிப் பாக்கி காணாமல் போனது. மொத்தமாக முடியாதவர்களிடம் வாரா வாரம் ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு என்று வாங்கிக்கொள்கிறேன். எதுவானாலும் ரசீது உண்டு. ஜிபேயில் அனுப்பினாலும் நோட்டில் தேதியும் தொகையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்.

இனிக் காலி செய்கிற நாளில் வருகிற சண்டைக்கு வருகிறேன். அந்தச் சண்டை எப்போதும் அட்வான்ஸில் கழிக்கிற தொகையைப் பற்றியதுதான். பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது எங்கள் ஊரில் எழுதாத விதியாகவே இருக்கிறது. நானும் பிடித்திருக்கிறேன். வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையை ஒருநாள் உட்கார்ந்து படித்தபோதுதான் அது எவ்வளவு தவறு என்று புரிந்தது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் மாற்றுவது, கட்டடத்தின் பெரிய ரிப்பேர் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர் போடுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, ஸ்விட்ச், பிளக், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஐந்து வருடம் ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டால் சமையலறைச் சுவர் மங்கத்தான் செய்யும். அந்த மங்கலுக்குத்தான் அவர்கள் அறுபது மாதம் வாடகை கொடுத்திருக்கிறார்கள். வெள்ளையடிக்கிற வேலையை இப்போது ஆடி மாதத்தில் வைத்துக்கொள்கிறேன். அந்த மாதம் எப்படியும் ஆள் வர மாட்டார்கள்; வீடு ஆவணிக்குத் தயாராக நிற்கும்.

பிளக் குடியிருப்பவர் பொறுப்பு என்று அட்டவணை சொல்கிறது அல்லவா, அதிலும் ஒரு தடவை நான் சறுக்கினேன். ஆறாம் நம்பரைக் காலி செய்தபோது சமையல் மேடைக்கு மேலிருந்த பிளக் பெட்டி பாதி உருகியிருந்தது. வெள்ளைத் தகடு பழுப்பாகி, ஒரு துளை நீண்டு இளித்தபடி கிடந்தது. சுவரில் கட்டைவிரல் அகலத்துக்குக் கரி. இண்டக்‌ஷன் அடுப்பை அதில் மாட்டியிருக்கிறார்கள். ஐந்நூறு ரூபாய் கழிப்பதாகச் சொன்னேன். அந்தப் பையன்களும் மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து நான்கு திருகையும் கழற்றித் தகட்டைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இருந்தது லைட்டுக்குப் போடுகிற ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பி. மேலுறை பிஸ்கட்போல் நொறுங்கி விழுந்தது. “இரண்டாயிரம் வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்குமுங்க. இது ஆறு ஆம்பியர் பிளக். தீப்பிடிக்காமல் விட்டதே பெரிது” என்றார். கேஸ் சிலிண்டர் இல்லாமல் தங்க வருகிற பையன்கள் இண்டக்‌ஷன் அடுப்பில்தான் சமைப்பார்கள் என்று தெரிந்தே வீட்டைக் கொடுத்தவள் நான். ஐந்நூறு ரூபாயை அவர்களுக்கு அனுப்பிவிட்டு, எட்டு வீட்டுச் சமையலறைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்து, 16 ஆம்பியர் பிளக் வைத்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே விழுந்து கரண்டைத் துண்டித்துவிடுகிற ஆர்.சி.சி.பி. என்கிற பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்றும் மாட்டினேன். ஈரக் கையோடு துணி காயப்போடுகிற வாசலில், தொட்டியில் ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். வீடு வைத்திருக்கிறவர்கள் டைல்ஸுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எது முன்பே உடைந்திருந்தது, எது பிறகு உடைந்தது என்று காலி செய்கிற அன்று பேசக் கூடாது. குடிவருகிற அன்றே பேசி முடிக்க வேண்டும். பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் நானும் வருகிறவர்களும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வருவோம். சுவர், தரை, கதவுத் தாழ்ப்பாள், குழாய், பிளக், மீட்டர் எண் எல்லாவற்றையும் அவர்கள் போனிலேயே படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்கிறேன். என் போனில் எடுத்தால் அது என் சாட்சி. அவர்கள் போனில் எடுத்தால் இருவருக்கும் சாட்சி. தமிழ் தெரியாத பிள்ளைகளோடு முன்பு வந்த தகராறுகள் இதற்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை.

ஒப்பந்தம் எழுதாமல் யாரையும் வைக்காதீர்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதற்காகப் பதினொரு மாதம் எழுதுவது பழைய பழக்கம். புதிய சட்டப்படி எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் இணையத்தின் வழியாகப் பதிய வேண்டும். ஆதார் நகலை வாங்கிக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுத்துவிடுகிறேன். இது வடமாநிலத்தாருக்கு மட்டும் அல்ல, அடுத்த தெருக்காரர் வந்தாலும் இதே நடைதான். ஒருவருக்கு மட்டும் செய்தால் அது சந்தேகம். எல்லோருக்கும் செய்தால் அது நடைமுறை.

வீடு கேட்டு வருகிறவர்களிடம் “நீங்கள் என்ன ஆளுங்க?” என்று விசாரிக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. அது என்ன கேள்வி என்று எல்லோருக்கும் தெரியும். நான் கேட்பதில்லை, என் வாசலில் வேறு யாரும் கேட்கவும் விடுவதில்லை. எத்தனை பேர், என்ன வேலை, பகல் ஷிப்டா ராத்திரி ஷிப்டா, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம் என்பதுதான் எனக்குத் தேவை. ராத்திரி வேலை முடித்து வருகிறவருக்குத் தொட்டிக்குப் பக்கத்து வீட்டைக் கொடுத்தால், காலை ஐந்து மணிக்குக் குடம் தட்டுகிற சத்தத்தில் அவர் தூங்க முடியாது. இது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். சாதி அப்படி அல்ல.

மின்சாரத்தில் ஒளிவு மறைவு வேண்டாம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது ஒரு வீட்டு இணைப்புக்கு ஒரு தடவை. எட்டு வீட்டையும் ஒரே மீட்டரில் வைத்தால் எட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே நூறுதான். மேலும் எல்லோருடைய யூனிட்டும் ஒரே கணக்கில் குவிந்து, கட்டணம் மேல்படிக்கு ஏறிவிடும். உள் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை என்று வீட்டுக்காரர் வசூலிக்கும்போது, அரசு தருகிற இலவசமும் ஏழைக்குப் போய்ச் சேருவதில்லை. வீட்டுக்கு ஒரு மீட்டர் வாங்கச் செலவு ஆனது, அலைச்சலும் ஆனது. ஆனால் அதன் பிறகு கரண்ட் பில் என்பது அவர்களுக்கும் மின்வாரியத்துக்கும் இடையில் உள்ள விஷயம். மோட்டாரும் வாசல் விளக்கும் மட்டும் என் பெயரில் ஒரு மீட்டர். அந்தப் பில்லை எட்டாகப் பிரித்துக் கதவில் ஒட்டுகிறேன்.

தண்ணீர் இரண்டு வகை. போர் தண்ணீர் உப்பு; குளிக்க, துவைக்க. நல்ல தண்ணீர் குழாயில் சில நாட்களுக்கு ஒரு முறை வரும். வரிசையை வீட்டு எண்ணில் வைத்தேன். ஒவ்வொரு முறையும் தொடங்குகிற வீடு மாறும். ஒன்றாம் நம்பரே எப்போதும் முதலில் பிடித்த காலத்தில் குடத்தால் மண்டை உடைகிற அளவுக்குச் சண்டை வந்திருக்கிறது.

கழிவுநீர்த் தொட்டியைப் பற்றி நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். தொட்டி நிரம்பியதும், அடியில் படிந்த சேற்றையும் எடுத்துவிடலாம் என்று சொல்லி ஓர் ஆளை இறக்க யாராவது முன்வருவார்கள். லாரிக்குக் கொடுப்பதைவிடக் கூலி குறைவாகவும் இருக்கும். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். மூடிய தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் நிற்கும். இறங்கியவர் இரண்டு மூச்சில் மயங்கி விழுவார். தூக்கப் போகிற அடுத்தவரும் விழுவார். தமிழ்நாட்டில் எத்தனை செய்தி இப்படிப் படித்திருக்கிறோம். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்க வைப்பது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சட்டம் இல்லாவிட்டாலும் ஓர் உயிரைப் பணயம் வைத்து நம் வீட்டுக் கழிப்பறையைச் சுத்தம் செய்யக் கூடாது. உறிஞ்சுகிற லாரி வந்து நிற்க வழி விட்டுத்தான் எங்கள் மதில் கேட்டை அகலப்படுத்தினேன்.

வரி விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சொத்து வரியை அரையாண்டு பிறந்த முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் ஐந்து சதவீதம் கழிவு உண்டு. வருமான வரிக் கணக்கில் கட்டிய சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழித்துக் காட்டலாம். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

வாடகை தராதவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். மோட்டாரை நிறுத்துவது, பியூஸைப் பிடுங்குவது, மேல்பூட்டுப் போடுவது எதையும் செய்யாதீர்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் தடுக்கச் சட்டம் யாருக்கும் உரிமை தரவில்லை. இரண்டு மாத வாடகை நின்று, எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நான் இதுவரை ஒரே ஒரு தடவை நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். அவர் வேலை பார்த்த கம்பெனியில் ஆறு வாரமாகச் சம்பளம் நின்றிருந்தது பிறகுதான் தெரிந்தது. முதலில் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கப் போகும்போதும் ஒரு நாள் முன்பே சொல்லிவிட்டுப் போக வேண்டும்; நம் வீடு என்றாலும் 24 மணி நேரத்துக்கு முன்பு தெரிவிக்காமல் உள்ளே நுழையக் கூடாது என்றுதான் சட்டமும் சொல்கிறது. அத்தை ஒரு படி மேலே போய், குடியிருப்பவர் வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்க மாட்டார். வெளியில் நின்று, “கண்ணு, இருக்கிறாயா?” என்று குரல் கொடுப்பார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நான்காம் நம்பரிலும் ஏழாம் நம்பரிலும் ஒடிசாப் பிள்ளைகள் ஒன்பது பேர் இருந்தார்கள். தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று மார்ச் 29-ஆம் தேதி மத்திய அரசு உத்தரவு போட்டது. நான் கம்பெனி திறக்கும் வரை கேட்பதில்லை என்று எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். எனக்கு வீட்டுக் கடன் இல்லை. கடன் தவணை கட்டுகிறவர்களுக்கு இது எளிதல்ல என்பதும் தெரியும். மே மாதம் சிறப்பு ரயில் விட்டபோது அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். இரண்டு வீட்டு அட்வான்ஸையும் எடுத்துக் கொடுத்தேன். தனிக் கணக்கில் இருந்ததால் யாரிடமும் ஓட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பணம்தான் வழியெல்லாம் சோற்றுக்கு ஆனது என்று அவர்களில் மூத்தவன் பிறகு போனில் சொன்னான். மறு தையில் அதே பிள்ளைகளில் ஆறு பேர், ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே கூப்பிட்டு, “அம்மா, ஏழாம் நம்பர் இருக்கிறதா?” என்று கேட்டார்கள். அதன் பிறகு எங்கள் வாசலில் ‘வாடகைக்கு’ அட்டை தொங்கியதில்லை. ஒருவர் காலி செய்வதாகச் சொன்னதும் அவரே அடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் நம்பர் காலியாகிறது. நான்கு வருடம் இருந்தார்கள். அவிநாசிப் பக்கம் சொந்தமாக இடம் வாங்கி வீடு கட்டியிருக்கிறார்கள். நேற்று வங்கிக்குப் போய் 13,500 எடுத்துவந்து கவரில் போட்டு வைத்திருக்கிறேன். குளியலறைக் கதவின் அடிப்பகுதி உளுத்திருக்கிறது; அது தண்ணீர் பட்டுப் போனது, என் கணக்கு. சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி விரிந்திருக்கிறது, அதற்கு 150. மோட்டார் பில்லில் அவர்கள் பங்கு 85. ஆக, 13,265 கொடுக்க வேண்டும். இருநூற்று அறுபத்தைந்துக்குச் சில்லறை இல்லை. இன்று சாயங்காலம் மளிகைக் கடையில் மாற்றிக்கொண்டு வர வேண்டும்.